அரை ஆடும் ஓர் இருமலும்

ஆண்டுக்கு ஒரு முறை பஞ்சர்க்காரரின் வீட்டு வாசலில் ஓர் ஆட்டைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். முன்னங்கால் இரண்டும் வீட்டுக்குள், பின்னங்கால் இரண்டும் தெருவில். வறுமை அளவைக் கழகத்திலிருந்து வரும் அளவையாளர் குனிந்து பார்த்து, "ஆடு, அரை" என்று எழுதிக் கையெழுத்துப் போடும் வரை அது அசையக் கூடாது. இதெல்லாம் ஆட்டுக்கு எங்கே தெரியப்போகிறது? ஒருமுறை அது முழுசாக உள்ளே போய்விட, அதைப் பின்னால் இழுப்பதற்குள் நாட்டின் வறுமைக் கணக்கு தாறுமாறாகி, அதைச் சரிசெய்ய மூன்று மாதம் ஆனது.

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடத்துக்கு முன் கழகம் புதிதாகத் தொடங்கியிருந்தது. யார் ஏழை என்று கண்டுபிடிக்க முப்பத்துமூன்று வரிகள் கொண்ட ஒரு படிவம் அச்சிட்டார்கள். அதை எப்படி நிரப்புவது என்று காட்ட, கையேட்டில் ஒரு நிரப்பிய படிவம் வேண்டும். அந்த வேலையை ஓர் அதிகாரியிடம் கொடுத்தார்கள். அவர் சைக்கிளில் போகும்போது பஞ்சர்க்காரரின் கடை எதிரில் டயர் வெடித்தது. ஒட்டுப் போட்ட இடம் காய வேண்டுமே! மழை வேறு தூறியது. கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் வீடு. அதில் அவரை உட்கார வைத்தார்கள். சும்மா இருப்பானேன் என்று அங்கேயே படிவத்தை எடுத்து நிரப்பிவிட்டார்.

வாளி, இரண்டு. கட்டில், ஒன்று. தட்டு, மூன்று, மூன்றாவது தட்டில் அன்று வந்திருந்த மச்சினன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஜன்னல், இல்லை. மழைக்குப் பயந்து பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் ஆடு தலையையும் முன்னங்காலையும் உள்ளே நீட்டி நின்றது. அதிகாரி நேர்மையானவர், ஆடு, அரை என்று எழுதினார். பஞ்சர்க்காரரின் மனைவி மழையில் நனைந்து வந்து இரண்டு முறை இருமினாள். நோய், இருமல் ஒன்று. அந்தத் தாள் கையேட்டின் பத்தொன்பதாம் பக்கத்தில் 'எடுத்துக்காட்டு' என்ற தலைப்போடு அச்சானது. டயரில் காற்று அடித்துக்கொண்டு அதிகாரி போய்விட்டார்.

அடுத்த வருடம், எவ்வளவு இல்லாவிட்டால் ஒருவன் ஏழை என்று முடிவு செய்ய ஒன்பது நிபுணர்களை உட்கார வைத்தார்கள். பதினான்கு மாதம் உட்கார்ந்தார்கள். எத்தனை மணிக்குத் தேநீர் என்பதைத் தவிர எதிலும் ஒத்துப்போகவில்லை. கடைசி நாளில் ஒருவர், "பத்தொம்பதாம் பக்கத்துல எல்லாம் தெளிவாத்தானே போட்டிருக்கு?" என்றார். அவ்வளவுதான், ஆறிக்கொண்டிருந்த தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் தீர்மானம் நிறைவேறியது. அந்தப் பக்கத்தில் இருக்கும் வீட்டைவிட ஒரு வரியிலாவது குறைந்தவர் ஏழை. மற்றவர் ஏழை இல்லை. ஆடு இல்லாத பங்களாக்காரர்களும் இதில் மாட்டிக்கொண்டதால், காவல் நாயும் காரும் அரை ஆட்டுக்குச் சமம் என்று ஒரு திருத்தம் மட்டும் பிறகு வந்தது.

பஞ்சர்க்காரரின் வீட்டுக் கதவில் ஒரு தகரப் பலகை அடித்தார்கள். 'இது நாட்டின் வறுமை அளவுகோல். இதில் எதையும் கூட்டுவதும் குறைப்பதும் குற்றம்.' எடைக்கல்லைத் தேய்க்கும் வியாபாரிக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை, ஆறு மாதம். தெருவில் அவருக்கு 'எடைக்கல்' என்று பேர் விழுந்தது. ஆரம்பத்தில் பெருமையாகத்தான் இருந்தது. "நாடே நம்மளை வெச்சுத்தான் அளக்குது" என்று மனைவியிடம் சொல்லி மீசையைத் தடவிக்கொண்டார்.

மழையில் வந்த இருமல் அன்றே போய்விட்டது. அதன் பிறகு வருடத்துக்கு ஒரு முறை, அளவையாளருக்காக மட்டும் இருமிக் காட்டினாள். ஆனால் அந்த அறையில் அடுப்புப் புகையும், டியூப் ஒட்டுகிற பசையின் நெடியும், ரப்பர் கருகும் நாற்றமும் போக வழியில்லாமல் வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருந்தன. இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு மறுபடி இருமல் பிடித்தது. இந்த முறை போகவில்லை. பேச்சை ஆரம்பித்தால் முடிப்பதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவாள். பஞ்சர்க்காரருக்குத் தைரியமெல்லாம் அவள்தான். அவள் குனியும்போதெல்லாம் கையிலிருந்த டியூபைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

ஆஸ்பத்திரி டாக்டர் காதில் குழாயை மாட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "மருந்து எழுதறேன். ஆனா முதல்ல வீட்டுல ஒரு ஜன்னல் வைங்க. காத்து வராத இடத்துல மருந்து என்ன பண்ணும்?" என்றார். மருந்து கொடுக்கும் இடத்தில், ஏழைச் சான்று இருந்தால்தான் இலவசம் என்றார்கள். பஞ்சர்க்காரர் கழகத்துக்குக் கிளம்பினார்.

கழகம் ஏழு மாடி. பக்கத்துக்கு முப்பது ஜன்னல். எண்ணிப் பார்த்துக்கொண்டே படியேறினார். இயக்குநரின் அறையில் அந்தப் பத்தொன்பதாம் பக்கத்தின் மூலத்தாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு கறை. பஞ்சர்க்காரருக்கு அடையாளம் தெரிந்தது, அவர் கடையில் சக்கரத்துக்குப் போடும் மசிதான்.

"வாங்க வாங்க! உக்காருங்க. நீங்க இல்லேன்னா இந்தக் கட்டடமே இல்லை" என்றார் இயக்குநர்.

"ஐயா, என் வீட்டுக்காரிக்கு இருமல்."

"தெரியுமே! முப்பத்திரண்டாவது வரி." இயக்குநரின் முகம் மலர்ந்தது. "நல்லா இருக்கா?"

"யாருங்க?"

"இருமல்."

"நல்லா இருக்குங்க" என்று சொல்லிவைத்தார் பஞ்சர்க்காரர். "மருந்துக்கு ஏழைச் சான்று ஒண்ணு வேணும்."

"உங்களுக்கா?" இயக்குநர் சிரித்தார். "எப்படிங்க தர முடியும்? ஏழைன்னா யாரு? உங்க வீட்டைவிட ஒரு வரியாவது குறைஞ்சவங்க. உங்க வீடு உங்க வீட்டைவிடக் குறையுமா, சொல்லுங்க. இந்த நாட்டுல யாரு வேணும்னாலும் ஏழையாகலாம். உங்களால மட்டும் ஆகவே முடியாது. எப்பேர்ப்பட்ட பாக்கியம்!"

"அப்ப ஒரு ஜன்னலாவது வெச்சுக்கறேங்க."

இயக்குநர் எழுந்தே நின்றுவிட்டார். "ஜன்னலா? நீங்க சுவத்துல ஒரு ஓட்டை போட்டா, ஜன்னல் இல்லாத நாப்பது லட்சம் வீடு ராத்திரியோட ராத்திரியா ஏழையாயிடும். அத்தனை பேரை ஏழையாக்கின பாவம் உங்களுக்கு வேணுமா?"

"அவங்க வீட்டுல இப்பவும் ஜன்னல் இல்லைதானேங்க?"

"இல்லைதான். ஆனா இப்ப அவங்க ஏழை இல்லையே! நல்லா இருக்கறவங்களை ஏன் கெடுக்கறீங்க?"

பஞ்சர்க்காரர் மசி படிந்த கையைப் பிசைந்துகொண்டு வெளியே வந்தார். இயக்குநர் சொன்னதில் ஏதோ இடிக்கிறது என்று தெரிந்தது; எங்கே இடிக்கிறது என்றுதான் தெரியவில்லை. டியூபில் ஓட்டை என்றால் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வந்து காட்டிக்கொடுத்துவிடும். இயக்குநரின் பேச்சை எந்தத் தண்ணீரில் அமுக்குவது?

இரண்டே மாதத்தில் இயக்குநர் அவர் வீடு தேடி வந்தார். வருட முடிவுக்குள் வறுமையில் மூன்றில் ஒரு பங்கை ஒழித்தாக வேண்டும் என்று மேலிடத்தில் அறிவித்திருந்தார்கள்.

"நாட்டுக்காக ஒரு சின்ன உதவி. உங்ககிட்ட ரெண்டு வாளி இருக்கு. ஒண்ணைக் குடுத்துட்டீங்கன்னா, ஒரே ஒரு வாளி வெச்சிருக்கற பதினெட்டு லட்சம் குடும்பம் வறுமையிலேருந்து வெளியே வந்துடும்."

"ஒண்ணு குடிதண்ணிக்கு. இன்னொண்ணு டியூபை அமுக்கிப் பாக்கறதுக்குங்க. அது இல்லாம தொழில் எப்படிப் பண்றது?"

"குடிதண்ணியிலேயே அமுக்குங்களேன். பதினெட்டு லட்சம் குடும்பங்க! ஜன்னல் விஷயத்தை நான் பாத்துக்கறேன்."

ஜன்னல் என்ற சொல்லைக் கேட்டதும் பஞ்சர்க்காரர் வாளியை எடுத்துக் கொடுத்துவிட்டார். குறைப்பது குற்றம் என்ற பலகைக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை. இயக்குநரே கேட்டால் அது குற்றத்தில் சேராது போலிருக்கிறது. வாளியைச் சிவப்புத் துணியில் வைத்து இரண்டு பேர் தூக்கிப்போனார்கள். அதைப் படம் பிடித்தார்கள். மறுநாள் பத்திரிகையில் பதினெட்டு லட்சம் குடும்பங்கள் தலைநிமிர்ந்தன.

"நம்ம வாளி போனதுல அவங்களுக்கு என்ன கிடைச்சுது?" என்று பஞ்சர்க்காரர் கேட்டார்.

"நம்ம வாளி போச்சேன்னு ஒரு ஆறுதல் கிடைச்சிருக்கும்" என்றாள் மனைவி. இருமலுக்கு நடுவிலும் அவள் நாக்கு மட்டும் மழுங்கவில்லை.

அடுத்து கட்டில் போனது. பத்து லட்சம் குடும்பங்கள் மீண்டன. பிறகு ஒரு தட்டு. அதற்கு ஏழு லட்சம். ஒவ்வொரு முறையும் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் ஒன்று வந்தது. பாராட்டுப் பத்திரம் படிவத்தின் எந்த வரியிலும் வராது என்பதால் அதை எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கட்டில் போனதால் மனைவி ஈரத் தரையில் படுத்தாள். இருமல் இன்னும் கெட்டியானது.

ஒரு நாள் காலையில் தையல்காரம்மா நூல் கோக்காத ஊசியோடு வாசலில் வந்து நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா எடைக்கல்லு, உனக்கு நான் என்னப்பா துரோகம் பண்ணேன்? வருஷா வருஷம் ஆட்டைக் கொண்டாந்து நிறுத்தறேனா இல்லையா?"

"என்னம்மா ஆச்சு?"

"கண்ணுக்கு மருந்து வாங்கப் போனேன். நீ ஏழை இல்லேன்னுட்டான். எனக்கு ஒரு வாளி, உனக்கு ரெண்டு வாளி. அதனாலதான் நான் ஏழையா இருந்தேன். இப்ப உன் வாளி போச்சு, கூடவே என் ஏழ்மையும் போச்சு. ஊசியில நூல் கோக்க முடியலை எனக்கு. நல்லா வசதியா இருக்கேன்னு சான்று குடுத்து அனுப்பறான்!"

பஞ்சர்க்காரர் கூனிக்குறுகிப் போனார். பதினெட்டு லட்சம் குடும்பம் தலைநிமிர்ந்ததாகப் படித்தபோது, அதில் ஒன்று சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியே இருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அவள் கையிலிருந்த ஊசியை வாங்கி நூலைக் கோத்துக் கொடுத்தார்.

அந்த வாரமே ஜன்னலும் வந்தது. கழகத்தின் தச்சர் இரண்டு நீலக் கதவுகளைக் கொண்டுவந்து, சட்டத்தோடு சுவரில் வைத்து அழகாக ஆணியடித்தார். சுவரை இடிக்கவில்லை. கூடவே ஒரு கடிதம். 'குடும்பத்தாரின் வேண்டுகோளைக் கனிவுடன் பரிசீலித்து, காற்றும் வெளிச்சமும் வராத வகையில் ஜன்னல் ஒன்று அனுமதிக்கப்படுகிறது. இது முப்பதாவது வரியில் கணக்கில் கொள்ளப்படாது.' மனைவி ஜன்னலைத் திறந்தாள். சுவர் தெரிந்தது. சற்று நேரம் சுவரைப் பார்த்துவிட்டு, ஓசைப்படாமல் மூடினாள். அப்புறம் இருமல் வந்தது. நீலக் கதவையே பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சுக்குத் தவித்தாள். பஞ்சர்க்காரர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். இவள் போய்விட்டால் கழகம் முப்பத்திரண்டாவது வரிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளும். நான் யாரைப் பார்ப்பேன்? அந்த நினைப்பு வந்ததும் அவர் பயம் விட்டுப்போனது.

கொத்தனார் வேலை செய்யும் மச்சினனுக்குச் சொல்லியனுப்பினார். அவன் உளியும் சுத்தியலுமாக வந்து நீலக் கதவைத் திறந்து பார்த்து, ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். பிறகு தகரப் பலகையைப் படித்தான்.

"மாமா, உள்ள போட்டா எத்தனை மாசம்?"

"ஆறு."

"பரவாயில்லை. ஜெயில்ல ஜன்னல் இருக்கும். கம்பி போட்டிருப்பாங்க, அவ்வளவுதான்."

முதல் அடியைப் பஞ்சர்க்காரரே அடித்தார். சுவர் ஒன்றும் அப்படிக் கெட்டியில்லை. அரை மணியில் அந்தப் பக்கத்து வானம் தெரிந்தது. பதினோரு வருட நெடி அந்த ஓட்டை வழியாக வெளியே போக, வேப்பங்காற்றும் இல்லை தென்றலும் இல்லை, சாதாரணத் தெருக்காற்றுதான், உள்ளே வந்தது. மனைவி ஜன்னலுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்தாள். மத்தியானம் முழுக்க இருமாமல் தூங்கினாள். வாயைத் திறந்துகொண்டு அவள் தூங்குவதை, பஞ்சர்க்காரர் கடையைக்கூடக் கவனிக்காமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஐந்து வாரம் கழித்து அளவை நாள் வந்தது. அதற்குள் இருமல் சுத்தமாக நின்றுபோயிருந்தது. தெருவே வாசலில் கூடிவிட்டது. எடைக்கல்லைப் பிடித்துக்கொண்டு போவார்களா, மாட்டார்களா என்று பார்க்க வந்தவர்கள் பாதிப் பேர். மற்றவர்களுக்குத் தையல்காரம்மா விஷயத்தை விளக்கியிருந்தாள். ஜன்னல் என்று அளவையாளர் எழுதினால் ஜன்னல் இல்லாதவர்களுக்குச் சான்று. இருமல் இல்லை என்று எழுதினால் இருமுகிறவர்களுக்கெல்லாம் மருந்து. ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டார்கள்.

அளவையாளர் வந்தார். முதல் வருடத்திலிருந்தே அவர்தான் வருகிறார். ஒட்டிய கன்னம், தோள்பை, ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத மனிதர். யார் முகத்தையும் பார்க்க மாட்டார்; பொருள்களைத்தான் பார்ப்பார். ஆட்டை எழுதினார். வாளி, ஒன்று. தட்டு, இரண்டு. முப்பதாவது வரியில் பேனா நின்றது.

"இது கணக்குல வராத ஜன்னல்னு கடிதம் இருக்கே."

"அது காத்து வராத ஜன்னலுங்க. இது வருது" என்றார் பஞ்சர்க்காரர். ஜன்னல் பக்கத்திலிருந்து நகரவில்லை.

அளவையாளர் கையேட்டைப் புரட்டினார். 'கையை வெளியே நீட்ட முடிந்தால் அது ஜன்னல்.' கையை நீட்டினார். முழங்கை வரை போனது. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு உள்ளே இழுத்து, ஜன்னல், ஒன்று என்று எழுதினார்.

"அம்மா, இருமல்?"

"போயிடுச்சுங்க."

"பதினோரு வருஷமா இருக்கற இருமல். கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாருங்களேன்."

அவள் முயற்சி செய்தாள். வரவில்லை. விதிப்படி அரை மணி காத்திருக்க வேண்டும். அளவையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். வாசலில், எங்கே இருமிவிடுவாளோ என்று எல்லாரும் அவள் தொண்டையையே பார்த்தார்கள். அப்படிப் பார்த்தால் யாருக்கும் தொண்டை கமறத்தான் செய்யும். அவள் எச்சிலை விழுங்கிக்கொண்டு, கணவனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இருபதாவது நிமிடத்தில் இருமல் வந்தது. அவளுக்கு அல்ல. அளவையாளர் பேனாவைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். அது நின்றபாடில்லை. பஞ்சர்க்காரரின் மனைவிக்கு அந்த இருமல் நன்றாகத் தெரியும். எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "இப்படி ஜன்னல்கிட்ட வந்து உக்காருங்க தம்பி" என்று தோளைப் பிடித்து நகர்த்தினாள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

"ரெண்டு வருஷமாங்க. ஆபீசுக்குப் பின்னாடி பழைய படிவமெல்லாம் போட்டு வெச்சிருக்கற அறை. அதுல ஒரு ஓரத்துலதான் நானும் என் சம்சாரமும் இருக்கோம். ஒரே தூசி."

"ஜன்னல்?"

அளவையாளர் படிவத்தைப் பார்த்தார். தாம் எழுதிய வரிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே மேலிருந்து கீழே வந்தார். உதடு அசைந்தது. அரை மணி முடிந்தது. முப்பத்திரண்டாவது வரியில், நோய், இல்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். அளவையாளர் வீட்டுக்குள் வைத்து முத்திரை குத்தியதை இயக்குநராலும் மாற்ற முடியாது. கழகம் அதைத்தான் நாற்பது மொழியில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. இனிமேல் அந்த ஜன்னலை அடைத்தால்தான் குற்றம்.

வாசலில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. அளவையாளர் பையை மாட்டிக்கொண்டார். ஆனால் போகவில்லை. தையல்காரம்மாவின் அருகில் வந்து, முதல்முறையாக ஒரு மனிதரின் முகத்தை நேராகப் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஏழைச் சான்றுக்கு எங்கங்க மனு குடுக்கணும்?"

யாரும் சிரிக்கவில்லை. தையல்காரம்மா கண்ணைச் சுருக்கி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவ்வளவு கிட்டத்திலும் அவள் கண்ணுக்கு அவர் யாரென்று தெளிவாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

"மூணாவது கவுண்டர் தம்பி. ஆறு மணிக்கே போய் வரிசையில நின்னுடுங்க. பேனா அவன் தர மாட்டான், நீங்கதான் கொண்டுபோகணும். அப்புறம் வீட்டை அளக்க ஒரு ஆள் வருவாரு. கறாரான ஆளு, மூஞ்சியைக்கூடப் பாக்க மாட்டாரு. ரெண்டு தட்டு, வாளின்னு ஏதாவது இருந்தா அவரு வர்றதுக்கு முன்னாடி ஒளிச்சு வெச்சிடுங்க."

"சரிங்க" என்று சொல்லி, அளவையாளர் அதைக் குறித்துக்கொண்டார்.